உப்புக் காற்றுக்கும் இடிமழைக்கும் நடுவே ஒரு கணினி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய கணினிகளைப் பேணுவது பற்றி எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோர ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லாக் கேள்விகளையும் ஊர்ப்பெயருடன் மட்டுமே தருகிறோம். பதில் எழுதும் நான் கணினி படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். 1999ஆம் ஆண்டு முதல் நாகர்கோவிலில் என் வீட்டு மேசையில் கணினிகளைப் பிரித்தும் பூட்டியும் பழகிவரும் ஆர்வலன்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனி, ஆடி மழைக்குப் பிறகு மேசைக்கணினியைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது. விட்டுவிட்டுப் 'பீப்' ஒலி கேட்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. மதர்போர்டு போய்விட்டது, புதியது வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், முட்டம்

பதில்: வாங்குவதற்கு முன், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிரப்பர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சுற்றுவது, பீப் ஒலி திரும்பத் திரும்ப வருவது, திரை இருண்டே இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவக அட்டை தன் இடத்தில் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றே பொருள். எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டு முற்றிலும் பழுதாகியிருந்தால் அந்தப் பீப் ஒலியைக்கூட அதனால் எழுப்ப முடியாமல் போவதே வழக்கம்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக வீட்டிலுள்ள எல்லாப் பொருள்கள்மீதும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே செயல்தான் கணினிப் பெட்டிக்குள்ளும் நடக்கிறது. மின்விசிறி இழுத்து வந்து படியவைத்த உப்பு கசிந்து மெல்லிய படலமாக நின்று, இரும்பில் துருவையும் செம்பில் களிம்பையும் ஏற்றுகிறது. ஒருமுறை குளச்சலில் உறவினர் வீட்டுக் கணினியைத் திறந்தபோது, பின்புறத்தில் யுஎஸ்பி துளைகளைச் சுற்றியிருந்த தகடு பழுப்பேறி, ஒரு திருகாணியின் தலை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதே கணினியின் ரேம் அட்டையில் பொன்னிறமாக மின்ன வேண்டிய பற்கள் மங்கிக் கிடந்தன. இரண்டு பற்களின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி இருந்தது. அதைத் துடைத்துப் பொருத்திய பிறகு அந்தக் கணினி மேலும் நான்கு ஆண்டுகள் ஓடியது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மின்கம்பியைப் பிளக்கிலிருந்து முழுமையாகக் கழற்றிவிட்டு, கணினியின் ஆன் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துவிடும். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் அட்டை எழும்பி வரும். ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, பற்கள் இருக்கும் விளிம்பை அழிரப்பரால் மெதுவாக, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தேயுங்கள். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் அழுத்தித் தேய்த்தால், பற்களின் மேல் பூசியிருக்கும் மெல்லிய தங்க முலாம் போய்விடும். அழிரப்பர்த் துகள்களை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, இரு பக்கமும் 'டக்'கென்று கொக்கி விழும்வரை அட்டையை நேராக அழுத்துங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். எதில் கோளாறு என்பது அப்போது தெரிந்துவிடும்.

இனிமேல் கணினியைக் கடலைப் பார்த்த ஜன்னலின் அருகில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒரு மணி நேரமாவது அதை ஓட விடுங்கள். உள்ளே எழும் வெப்பம் ஈரத்தைத் தங்கவிடாது. மாதக்கணக்கில் உறை போட்டு மூடிவைத்த கணினியே கடற்கரையில் முதலில் கெடுகிறது என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணினியில் ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. அதோடு, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்புப் பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வருகிறது. வைரஸ் என்று தோழி சொல்கிறார்.
– ஆசிரியை, தக்கலை

பதில்: வைரஸ் அன்று, மதர்போர்டில் இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டது. கணினி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓடவைப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலமே. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. பல ஆண்டுகள் உழைத்த பிறகு அது தீர்ந்துபோனால், பிளக்கைக் கழற்றியவுடன் கணினி தன் தேதியை மறந்துவிடும்.

இணையதள எச்சரிக்கையும் இதனால் வருவதுதான். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று குறித்த சான்றிதழ் ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால், அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று உலாவி முடிவு செய்துவிடுகிறது. கைக்கடிகாரக் கடையிலேயே இந்த மின்கலம் கிடைக்கும். கூட்டல் குறியுள்ள பக்கம் பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே புதியதையும் பொருத்திவிட்டு, தேதியைச் சரி செய்யுங்கள். கழற்றிய மின்கலத்தை மேசைமேல் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சிறு குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாகும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஐப்பசி இடிமழையில் இரண்டு ஆண்டுகளாக இணைய ரூட்டர் கருகிப்போகிறது. ஃபைபர் இணைப்புக்கு மாறினால் இடி தாக்காது என்றார்கள், மாறினேன். இந்த ஆண்டும் போய்விட்டது, கூடவே கணினியின் லேன் துளையும் போய்விட்டது. யுபிஎஸ் வாங்கினால் தீருமா?
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: உங்கள் பகுதியில் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து இடிக்கத் தொடங்கினால், அந்த மாலை முழுவதும் எந்த மின்கருவிக்கும் உத்தரவாதம் கிடையாது. ஃபைபர் கம்பி கண்ணாடி இழையால் ஆனது, அது மின்சாரத்தைக் கடத்தாது என்று அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த இழை வந்து சேரும் பெட்டிக்கு மின்சாரம் வீட்டுப் பிளக்கிலிருந்தே வருகிறது. மின்கம்பத்தில் எங்கோ இறங்கிய இடியின் அதிர்வு, அதாவது திடீரென எழும் மிகை மின்னழுத்தம், அந்த அடாப்டர் வழியாக ரூட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து செம்புக் கம்பியாலான லேன் கேபிள் வழியாகக் கணினிக்கும் போயிருக்கிறது. லேன் துளை மட்டும் கருகியிருப்பது இதற்குச் சான்று. ஆகவே, ரூட்டரிலிருந்து கணினிக்குக் கம்பி தேவையில்லை என்றால் வைஃபையைப் பயன்படுத்துங்கள். கம்பி தேவை என்றால், இடிமழையின்போது பிளக்கோடு சேர்த்து அதையும் கழற்றுங்கள். கேபிள் டிவி கம்பி வருகிற பெட்டிகளுக்கும் இது பொருந்தும்.

சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு இடைவெளியை இடியின் மின்னழுத்தம் எளிதாகத் தாண்டிவிடும். பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு இணையான காப்பு வேறு எதுவும் இல்லை. அதையும் இடி தலைக்குமேல் வந்தபின் செய்யக் கூடாது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 3 நொடிக்கு 1 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம். 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள், அதற்கு முன்பே பிளக்குகள் வெளியே இருக்க வேண்டும்.

அதிர்வுக் காப்புப் பிளக்குகளை வாங்கியிருக்கிறோமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றின் உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்னும் சிறு வில்லை, மிகுதியான மின்சாரத்தின் ஒரு பங்கை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடுகிறது. வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் அதைத் திருப்பிவிட வழியில்லை. எர்த் இருந்தாலும் சில பெரிய அதிர்வுகளைத் தாங்கியபின் வில்லை தேய்ந்துபோகும். நம் மலையோரச் சரளை மண்ணில் கோடையில் ஈரம் வற்றியதும் எர்த் வலுவிழக்கிறது. கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்கிய குழியை வீடு கட்டிய நாளோடு மறந்துவிடுகிறோம். வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றினால் பெரிய மாற்றம் தெரியும். மின்பணியாளர் ஒருவரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் கவலை இல்லை. பத்து, இருபது என்று போனால் முதல் செலவு எர்த்துக்கே ஆக வேண்டும், யுபிஎஸ்ஸுக்கு அன்று. மூன்று முனைப் பிளக்கின் பருத்த முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை உடனே நிறுத்துங்கள்; அது கருவியை மட்டுமல்லாமல் உயிரையும் பறிக்கக்கூடியது.

யுபிஎஸ் இடிக்கு மருந்தன்று. மின்சாரம் போகும்போது எழுதிக்கொண்டிருக்கும் வேலையைச் சேமித்து, கணினியை முறையாக அணைக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் தருவதே அதன் பணி. வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை மாற்றியாக வேண்டும். லேசர் அச்சுப்பொறியை அதில் சேர்க்கக் கூடாது. மின்கலம் தீர்ந்த நிலையில் அதை அப்படியே விட்டுவைப்பதும் கூடாது. இந்தப் பாடத்தை நான் 2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலின்போது கற்றேன். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல நாட்கள் இருளில் இருந்த அந்த நேரத்தில், கைப்பேசிகளுக்கு மின்னேற்ற யுபிஎஸ்ஸைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்திவிட்டு, மின்சாரம் திரும்பும்வரை அப்படியே வைத்திருந்தேன். வெறுமையாகக் கிடந்த நாட்களில் ஈயத் தகடுகளில் சல்பேட்டு படிகமாகிப் படிந்துவிட்டது. அதற்குப் பிறகு அது மின்னேற்றத்தை ஏற்கவே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பாக இருந்திருக்கக்கூடியது, அந்த வாரம் நனைந்த அலமாரியில் இருந்த ஹார்டு டிஸ்க். அதில் இருந்த குடும்பப் படங்களின் இன்னொரு பிரதி நெல்லையில் தங்கை வீட்டில் இருந்ததால் தப்பின.

கேள்வி: 2001ஆம் ஆண்டு எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்காக என் தகப்பனார் எழுதிய கட்டுரைகளை ஒரு டிடிபி நிலையத்தில் தட்டச்சு செய்து குறுந்தகட்டில் வைத்திருந்தோம். இப்போது திறந்தால் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்பு அழிந்துவிட்டதா? அப்பா இப்போது இல்லை. அந்தக் கட்டுரைகளுக்கு வேறு பிரதியும் இல்லை.
– ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மார்த்தாண்டம்

பதில்: ஐயா, கலங்க வேண்டாம். உங்கள் தகப்பனாரின் ஒரு சொல்கூட அழியவில்லை, எல்லாம் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. முதல் வேலையாக, வேறு எதையும் செய்வதற்கு முன், குறுந்தகட்டில் உள்ள அனைத்தையும் கணினிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் அப்படியே நகலெடுங்கள். இருபது ஆண்டுகளைக் கடந்த குறுந்தகடு எந்த நாளிலும் படிக்க முடியாமல் போகலாம். ஒரு கணினியில் படிக்காவிட்டால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

அந்தக் காலத்தில் தமிழுக்கென்று எல்லாரும் ஏற்ற ஒரே குறியீட்டு முறை புழக்கத்தில் இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு 1991ஆம் ஆண்டு வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தாலும், வீட்டுக் கணினிகளிலும் டிடிபி நிலையங்களிலும் அது இயங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களே பயன்பட்டன. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால் அவை தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பதுபோல் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனி வரிசையை வைத்திருந்ததால், 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. 2010ஆம் ஆண்டு யூனிகோடே அரசின் தரமாயிற்று. உங்கள் கோப்பு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது.

சொற்செயலியில் கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு வரியின்மேல் சுட்டியை வைத்தால், மேலே எழுத்துரு பெயர் வரும் கட்டத்தில் பழைய எழுத்துருவின் பெயர் இன்னும் இருக்கும். அந்தப் பெயரே உங்களுக்குத் திறவுகோல். அதைக் குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றில் 'இந்த எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு' என்று தெரிவுசெய்து, பத்தி பத்தியாக ஒட்டி மாற்றுங்கள். டிடிபி நிலையங்கள் மிகுதியும் பயன்படுத்திய பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தால் இன்றைய மென்பொருள்களில் அது நேரடியாகத் திறக்காது; அந்த மென்பொருளை இன்னும் வைத்திருக்கும் பழைய அச்சகத்தில் திறந்து, உரையை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து வாங்குங்கள்.

மாற்றிய பின் ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். இதை இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். பழைய எழுத்துருக்களில் எகர, ஏகார, ஐகாரக் கொம்புகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகும். தட்டச்சர் தவறி ஓர் இடைவெளி விட்டிருந்தால் கொம்பு தனியாக அந்தரத்தில் நிற்கும். ஒகர, ஓகார எழுத்துகளில் துணைக்கால் பிரிந்துபோவது உண்டு. கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று எண்ணி உளறலாக்கிவிடும். மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ' என்னும் எழுத்தும் அடிக்கடி தவறாக வரும். என் பெரியப்பா எழுதிய ஊர்க்குறிப்புகள் நாற்பது பக்கத்தை இப்படி மாற்றியபோது, எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அவர் 'தோவாளை' என்று எழுதிய இடமெல்லாம் கால் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்தபோது அவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல எழுதியதுபோல் இருந்தது. மாற்றிய கோப்பைக் காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.

பிழை திருத்தத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். 'க' விசையை இருமுறை அடித்தால் 'க்க' என்று புள்ளி தானே விழும். 'ந'வும் 'த'வும் அடுத்தடுத்து அடித்தால் 'ந்த' வரும். ஒரு வாரப் பழக்கத்தில் கை படிந்துவிடும்.

கேள்வி: 2014இல் வாங்கிய கணினி. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்குத்தான் தேவை. என்ன செய்யலாம்?
– தையல் கடை நடத்துபவர், வடசேரி

பதில்: எடைக்குப் போட வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவை கிடைக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் (பிராசசர்) வேண்டும்; 2014 கணினியில் அவை இரா. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு, ஆனால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதையாகிவிடும்; பின்னாளில் புதுப்பிப்புகள் ஒழுங்காக வரும் என்பதற்கும் உறுதி இல்லை.

மூன்று நிமிடம் ஆவதற்குக் காரணம் செயலி அன்று, ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டின்மேல், ஒரு சிறு கை ஓடி ஓடித் தகவலைப் பொறுக்கி எடுக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும், தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. உங்கள் கணினியில் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் அதே சாட்டா இணைப்பில் எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். 240 அல்லது 256 ஜிபி போதும். ரேம் 4 ஜிபி இருந்தால் இன்னொரு 4 சேருங்கள். என் 2012ஆம் ஆண்டு மடிக்கணினியில் இந்த இரண்டையும் மட்டுமே மாற்றினேன். திறக்கும் நேரம் இரண்டரை நிமிடத்திலிருந்து இருபது நொடிக்கு இறங்கியது. இன்றும் அதில்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

இயங்குதளத்துக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். அது இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று கணினியில் எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்த்த பிறகே நிறுவலாம். பழைய அச்சுப்பொறி சில வேளைகளில் ஒத்துழைக்காது, அதை முதலில் பாருங்கள். மகளின் கல்லூரியில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது கட்டாயம் என்றால் இந்த வழி பொருந்தாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். எப்படியானாலும், புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

கேள்வி: கைப்பேசி கடலில் விழுந்துவிட்டது. உடனே எடுத்து அரிசிக்குள் வைத்தேன். ஒரு நாள் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: அரிசி, உள்ளே போன உப்பை எடுப்பதில்லை. அரிசியின் தூளும் உமித்துகளும் மின்னேற்றும் துளைக்குள் அடைவதே மிச்சம். ஆப்பிள் நிறுவனமே 2024இல் அரிசியில் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், மின்கலம் இணைந்திருக்கும்வரை உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் மறுநாள் அதை மின்னேற்றியும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதுதான் முடித்திருக்கும்.

இனி யாருக்கேனும் இப்படி நேர்ந்தால், எடுத்தவுடன் அணைத்துவிட்டு, சிம்மை வெளியே எடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, அன்றே பழுதுநீக்குமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே திறந்து, மின்கலத்தைப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுவார்கள். நீர்க்காப்புள்ள, கீறலோ விரிசலோ இல்லாத கைப்பேசி என்றால் மட்டும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி உப்பைப் போக்கலாம். நீர், தூசிக் காப்பின் அளவாக ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது நன்னீரில் செய்த சோதனையைக் குறிக்கும், கடல்நீருக்கு அது உறுதிமொழி அன்று.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன், கணினி 59 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: இல்லை. தயாரிப்பவர் 1 ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. 6400 கோடியை அதனால் வகுத்தால் 59.6 வரும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்றால் அது பொய்தான். முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் அதைக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: மாலையில் மத்திய அலையில் திருநெல்வேலி, திருவனந்தபுரம் வானொலி கேட்பது என் வழக்கம். மகன் மடிக்கணினியைப் போட்டதும் ஒரே இரைச்சல். நாகர்கோவில் பண்பலை மட்டும் தெளிவாக வருகிறது. வானொலியில் கோளாறா?
– முன்னாள் ஆசிரியர், குழித்துறை

பதில்: வானொலியில் கோளாறு இல்லை, சார்ஜரில்தான் காரணம் இருக்கிறது. இன்றைய சார்ஜர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மாற்றுகின்றன. அந்த வெட்டின் மடங்குகள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலைப் பகுதியில் வந்து விழுகின்றன. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984இல் தொடங்கிய நம் நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புவதாலும், அலையின் உயரம் மாறுவதைப் பண்பலை பொருட்படுத்தாததாலும், அதில் இரைச்சல் ஏறுவதில்லை.

சார்ஜரைக் கழற்றி, மடிக்கணினியை மின்கலத்தில் மட்டும் ஓட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜர் கம்பியில் மடிக்கணினிப் பக்கம் ஃபெரைட் வளையம் ஒன்றைக் கவ்வவிடுங்கள். மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும். மத்திய அலைக்கு வானொலியின் உள்ளே கிடையாக வைத்திருக்கும் ஃபெரைட் தண்டுதான் ஆன்டெனா. தண்டின் முனை எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலையை அது மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே வானொலியைச் சார்ஜரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் அமுங்கி நிலையம் மேலெழும். அந்த இடத்தை மேசையில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், நாள்தோறும் தேட வேண்டியதில்லை.